குன்னூர் மேட்டில் உடற்பயிற்சி தொடங்குவது எப்படி

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டுக்கு ஏறும் மேட்டில், பத்தாவது படிக்கும்போது ஒருநாள் ஓட்டமாக ஓடினேன். உடம்பைத் தேற்றப் போகிறேன் என்று முடிவெடுத்த முதல் நாள் அது. பாதி மேட்டில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு டீக்கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்கார அண்ணன் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "என்ன தம்பி, கரடி தொரத்துச்சா?" என்றார். அடுத்த நான்கு நாள் வீட்டுப் படியில் நேராக இறங்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். ஐந்தாம் நாள் முடிவே மறந்துபோனது. மறுபடி தொடங்க இரண்டு வருஷம் ஆயிற்று.

மலையில் தொடங்குகிற பிள்ளைகள் பெரும்பாலும் முதல் நாளிலேயேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். இங்கே பாதி வேலையை மேடே செய்துவிடுகிறது. சமவெளிக்காரர்கள் காசு கொடுத்து மெஷினில் சாய்வு ஏற்றி நடக்கிறார்கள். நமக்கு வீட்டு வாசலைத் தாண்டினாலே சாய்வுதான். அதன் மேல் வேகத்தையும் சேர்த்து ஏற்றினால் உடம்பு தாங்காது. 13 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்கள், இதுவரை எந்தப் பயிற்சியும் செய்யாதவர்கள், ஜிம் இல்லாத ஊரில் இருப்பவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எவ்வளவு செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடம்பை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதில் வாரம் மூன்று நாளாவது நன்றாக மூச்சு வாங்கும் வேலையும், தசையையும் எலும்பையும் உறுதியாக்கும் வேலையும் இருக்க வேண்டும். 60 நிமிடத்தையும் ஒரே மூச்சில் செய்யத் தேவையில்லை. பள்ளிக்கு ஏறி இறங்குவது, மைதானத்தில் பந்து உதைப்பது, வீட்டுக்குத் தண்ணீர் தூக்குவது எல்லாம் கணக்கில் சேரும். காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் நடந்து பள்ளிக்குப் போய்வருபவர் அரை மணி நேரத்தை ஏற்கெனவே முடித்துவிட்டார். இப்போது வேனும் ஜீப்பும் வாசலிலேயே இறக்கிவிடுவதால்தான் அந்த அரை மணி நேரம் காணாமல் போகிறது. ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கிக்கொள்ளுங்கள். முதல் படி அதுதான், செலவும் கிடையாது.

தொடங்குவதற்கு முன்

ஆஸ்துமா, பிறவி இதயக் கோளாறு, வலிப்பு, அடிக்கடி மயக்கம், இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். குளிர்ந்த, வறண்ட காற்று வீசிங் இருப்பவர்களுக்கு ஆகாது. டிசம்பர், ஜனவரியில் காலையில் ஓடினால் நெஞ்சு இறுகும். அப்படிப்பட்டவர்கள் வெயில் வந்தபிறகு செய்யலாம். மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடிக்கொண்டால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகும். இன்ஹேலர் கொடுத்திருந்தால் அது பையில் இல்லாமல் கிளம்ப வேண்டாம். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயங்கி விழுந்தாலோ, வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள்.

ஹாஸ்டலில் படிக்க கோயம்புத்தூர், ஈரோடு பக்கமிருந்து புதிதாக மேலே வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உடம்பு முதலில் மூச்சை வேகப்படுத்திச் சமாளிக்கும். புதிய சிவப்பணுக்களை உண்டாக்க வாரக்கணக்கில் ஆகும். ஊரில் ஃபுட்பால் டீமில் இருந்தவராக இருந்தாலும் சரி, முதல் இரண்டு வாரம் நடை மட்டும் போதும். மூச்சு வாங்குகிறதே, நமக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், ஒரு மாதத்தில் பழகிவிடும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் மட்டும் டாக்டரிடம் போங்கள்.

முதல் மாதம்: பேசிக்கொண்டே ஏறுங்கள்

உங்கள் வீட்டுப் பக்கத்தில் ஐந்து நிமிடத்தில் ஏறி முடிக்கக்கூடிய ஒரு மேட்டைத் தேர்ந்தெடுங்கள். ரொம்பச் செங்குத்தாக இருக்க வேண்டாம். கூடவே ஒரு கூட்டாளி இருந்தால் நல்லது. ஏறும்போது அவரிடம் பேசிக்கொண்டே ஏறுங்கள். முழு வாக்கியம் பேச வருகிறது, ஆனால் பாட்டுப் பாட வரவில்லை என்றால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம், குறையுங்கள். பாடவும் முடிகிறதா? கொஞ்சம் கூட்டுங்கள். கையில் ஸ்மார்ட் வாட்ச் தேவையில்லை. தனியாகப் போகிறவர்கள் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், பரீட்சைக்கும் ஆகும்.

முதல் வாரம் அந்த மேட்டை இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். நான்கு நாள் போதும். இரண்டாம் வாரம் மூன்று தடவை. மூன்றாம் வாரமும் மூன்று தடவைதான், ஆனால் கடைசி ஏற்றத்தில் ஒரு நிமிடம் மட்டும் வேகமாக நடந்து பாருங்கள். நான்காம் வாரம் நான்கு தடவை, ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒரு நிமிடம் வேகம். ஓட்டம் எப்போது என்று கேட்பீர்கள். ஐந்தாம் வாரத்தில், அதுவும் மைதானம் மாதிரி சமதளத்தில்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இது பலருக்கும் தெரிவதில்லை. அன்று எனக்கும் தெரியவில்லை. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது மூச்சு வாங்காது, சுகமாக இருக்கும், அதனால் தடதடவென்று இறங்குவோம். அப்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. தசையில் நுண்ணிய சிராய்ப்புகள் உண்டாவது இந்த மாதிரி வேலையில்தான். அன்றைக்கு ஒன்றும் தெரியாது; இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் வலி உச்சத்துக்குப் போகும். ஆகவே அடியைச் சின்னதாக வையுங்கள், முழங்காலை லேசாக மடித்தே வைத்திருங்கள். முதல் மாதம் இறக்கத்தில் ஓடவே வேண்டாம். வலி வந்தால் மருந்து தேட வேண்டியதில்லை, சில நாள் மெதுவாக நடந்தால் தானாகப் போய்விடும். தொடை முழுக்கப் பரவலாக வலித்தால் அது இந்த வலி. ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தினாலோ, மூட்டு வீங்கினாலோ, முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். கிடுகிடுவென்று வளரும் வயதில் அந்தச் சில்லுக்குக் கீழ் வலி நிறையப் பேருக்கு வரும், ஓய்வு கொடுத்தால் ஆறும்.

எந்த நேரத்தில் போவது

சமவெளியில் எல்லோரும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடு என்பார்கள். இங்கே அது வேண்டாம். இருட்டு முழுசாக விலகாத நேரத்தில் தேயிலைத் தோட்டப் பாதையில் கரடி இருக்கும், சிறுத்தையும் இருக்கும். காட்டுமாடு எந்த நேரத்திலும் இருக்கும். நன்றாக வெளுத்தபிறகு கிளம்புங்கள், மாலையில் மங்குவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். காட்டுமாடு பாதையில் நின்றால் செல்ஃபி எடுக்காமல், கல் வீசாமல், வந்த வழியே திரும்புங்கள். கிட்டத்தட்ட ஒரு டன் எடை உள்ள மிருகம் அது. பார்க்க மந்தமாகத் தெரிந்தாலும் பாய்ந்தால் நம்மால் ஓட முடியாது. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகவே கூடாது. புதருக்குள் சலசலப்பு கேட்க வேண்டுமே.

ரோட்டில் நடக்கிறீர்கள் என்றால் எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி வலது ஓரமாக நடங்கள். மூடுபனி இறங்கினால் பத்தடியில் நிற்பவர்கூடத் தெரியமாட்டார். கறுப்பு ஸ்வெட்டர் அன்றைக்கு வேண்டாம், வெள்ளையோ மஞ்சளோ போடுங்கள்.

குளிர் அடிப்பதால் வெயில் சுடாது என்று நினைக்கிறோம். உண்மையில் 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. பள்ளி விளையாட்டு விழா முடிந்து கன்னமும் மூக்கும் கறுத்து உரிவது அதனால்தான். தொப்பி போடுங்கள். தாகமும் குளிரில் எடுக்காது, ஆனால் தண்ணீர் தேவை அப்படியேதான் இருக்கும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடிக்கவில்லை என்று அர்த்தம். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் ஒரு எவர்சில்வர் பாட்டில் எப்படியும் வீட்டில் இருக்கும், அதையே எடுத்துப் போங்கள்.

கைக்கும் முதுகுக்கும்

மலைப் பிள்ளைகளின் காலைப் பார்த்தால் கெண்டைக்கால் கல் மாதிரி இருக்கும். தோளும் முதுகும் ஒல்லியாக இருக்கும். மேடு காலை மட்டும்தான் பார்த்துக்கொள்கிறது. மேல் உடம்புக்கு நாம்தான் ஏதாவது செய்ய வேண்டும். அதற்கு ஜிம் வேண்டாம், வாரம் மூன்று நாள் 15 நிமிடம் போதும்.

புஷ் அப்பில் தொடங்குவோம். தரையில் எடுக்க வராது, வராததை இழுத்துப் பறித்து எடுத்தால் முதுகு வளையும். வீட்டு முன்னால் இருக்கும் தடுப்புச் சுவரிடம் போங்கள். இடுப்பு உயரம் இருக்கும் சுவராகப் பாருங்கள். பாசி பிடித்த சுவர் வழுக்கும். இரண்டு உள்ளங்கையையும் தோளைவிடக் கொஞ்சம் அகலமாகச் சுவரின் மேல் ஊன்றுங்கள். காலைப் பின்னால் கொண்டுபோங்கள், தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடாக வரும்வரை. வயிற்றை, யாரோ குத்த வருகிற மாதிரி இறுக்குங்கள். இப்போது மூச்சை உள்ளே இழுத்தபடி, மூன்று எண்ணுவதற்குள் நெஞ்சைச் சுவர் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள். முழங்கை இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விரியாமல் விலாவை நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். மூச்சை விட்டபடி தள்ளி எழுங்கள். எட்டு தடவை. ஒரு நிமிடம் நின்று மறுபடி எட்டு. இரண்டு முறையும் பன்னிரண்டு சுலபமாக வந்துவிட்டால் இன்னும் தாழ்வான சுவர், அப்புறம் வாசல்படி, கடைசியில் தரை. மலை வீடுகளில் எல்லா உயரத்திலும் ஒரு படி இருக்கும் என்பது நமக்குக் கிடைத்த வசதி. எனக்குத் தரைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று.

இழுக்கும் வேலைக்குப் பள்ளிப் பை. ஐந்து கிலோ அளவுக்குப் புத்தகத்தை அடுக்குங்கள். இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, முதுகை நேராக வைத்து, ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, இன்னொரு கையால் பையை இடுப்பு வரை இழுத்து இறக்குங்கள். பக்கத்துக்குப் பத்து. காலுக்கு ஸ்குவாட், நாற்காலியில் உட்காரப் போகிறவர் மாதிரி பின்னால் போய், பட்டும் படாமல் எழுந்திருக்க வேண்டும், பத்து. கடைசியாக பிளாங்க், குப்புறப் படுத்து, முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி, உடம்பை ஒரே கோடாகத் தூக்கி 20 வினாடி. அவ்வளவுதான்.

எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று வீட்டில் பாட்டி சொல்லுவார். சரியான முறையில், மெல்ல மெல்ல ஏற்றினால் அப்படியெல்லாம் ஆகாது. பாட்டி சொல்வதில் பாதி நியாயம் உண்டு: ஒரே தடவையில் எவ்வளவு தூக்க முடியும் என்று கூட்டாளிகளோடு போட்டி போடுவது இந்த வயதுக்கு ஆகாது.

டீயும் வர்க்கியும்

இனி சாப்பாடு. தேயிலைக்கு நடுவே வாழ்கிறோம், டீயைக் குறை சொன்னால் அடிக்க வருவார்கள். நானும் நாளுக்கு மூன்று குடிக்கிறேன். ஆனால் சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கீரையிலும் பருப்பிலும் ராகியிலும் இருக்கும் இரும்புச்சத்தைத் தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் பிடித்துக்கொள்கின்றன, உடம்புக்குள் போக விடுவதில்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அதற்குப் பதில் சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்த பொரியலோ, கொய்யாவோ, நெல்லிக்காயோ சேர்த்தால் அதே இரும்பு நன்றாகச் சேரும்.

மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம். போன மாதம் சுலபமாக ஏறிய மேட்டில் இப்போது மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி, பச்சரிசியோ சாக்பீஸோ தின்னத் தோன்றுகிறது, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறியிருக்கிறது. இப்படி இருந்தால் சோம்பல் என்று திட்டு வாங்கிக்கொண்டு இருக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். பெண் பிள்ளைகளுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. உயரமான இடத்தில் வாழ்பவர்களுக்கு அது இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், அதனால் 12-ஐ ஒட்டி வந்தாலும் நான் மலையில் இருக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரை இதற்குத்தான். ஜன்னல் வழியே வீசாமல், சாப்பிட்டபிறகு தண்ணீரில் விழுங்குங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை.

வர்க்கி நம் ஊர்ப் பெருமை. மைதா, கொழுப்பு, சர்க்கரை என்பதும் உண்மை. வாரத்துக்கு ஒருமுறை இரண்டு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக டீயில் நனைத்து நான்கு வர்க்கியைத் தின்றுவிட்டுப் பள்ளிக்குப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன். பதினொரு மணிக்குத் தலை சுற்றும்.

தசை வளர புரதம் வேண்டும், எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு, கைப்பிடி வேர்க்கடலையில் 7. சத்துணவில் பள்ளி நாட்களில் முட்டை தருகிறார்கள். மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ அவரைக்கொட்டை வேகவைத்ததோ சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். ஆயிரக்கணக்கில் விற்கும் புரத டப்பா இந்த வயதுக்குத் தேவையில்லை. ராகிக் களி எலும்புக்கு நல்லது, 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கேரட், பீட்ரூட், பீன்ஸ், நூக்கல் எல்லாம் தோட்டத்திலிருந்து அன்றன்றைக்கே வருகிறது. சமவெளிக்காரர்கள் மூன்று நாள் பழசைத் தின்கிறார்கள், நாம் ஏன் சிப்ஸ் பாக்கெட் வாங்க வேண்டும் என்று எனக்குப் புரிவதில்லை. ஹாஸ்டலில் தாங்களே சமைப்பவர்கள் கவனிக்க: ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் கடலை எத்தனை நேரம் வைத்தாலும் நறுக்கென்றுதான் இருக்கும். குக்கர் வேண்டும்.

மெலிய வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை விடாதீர்கள். உயரமும் எடையும் மாதத்துக்கு மாதம் மாறும் வயது இது. தினமும் எடை பார்ப்பதை விட்டுவிட்டு, அதே மேட்டை ஏறி முடித்ததும் நாடித்துடிப்பை 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கி எழுதி வையுங்கள். ஆறு வாரத்தில் அந்த எண் இறங்குவது தெரியும்.

தூக்கம்

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். ஆறு மணிக்கு எழ வேண்டுமென்றால் பத்துக்குள் தூங்கியிருக்க வேண்டும். குளிருக்குப் போர்வையை இழுத்துத் தலையோடு மூடி உள்ளே போன் பார்ப்பது இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் பழக்கம். போனை சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு வந்து படுங்கள், அலாரத்துக்கு ஒரு பழைய கடிகாரம் போதும். இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது: ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

மழைக்காலத்துக்கு

ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபருக்குமேல் கொட்டும். பழக்கம் அறுந்துபோவது இந்த மாதங்களில்தான். மழை நாளில் கூரையுள்ள படிக்கட்டில் பத்து நிமிடம் ஏறி இறங்குங்கள், மாடிப்படி இல்லாவிட்டால் ஒரே படியில் ஏறி இறங்கினாலும் சரி. ஸ்கிப்பிங் கயிறு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், முப்பது வினாடி குதித்து முப்பது வினாடி நிற்கலாம். தூறல் விட்டதும் வெளியே போகிறவர்கள் சாக்ஸைக் கணுக்காலுக்குமேல் இழுத்துவிட்டு, திரும்பி வந்ததும் விரல் இடுக்கில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வேர்வையில் நனைந்த பனியனோடு காற்றில் நிற்காமல் உடனே மாற்றுங்கள்; குளிர் முதுகில் ஏறுவது அப்போதுதான்.

நனைந்த ஷூவை அடுப்புப் பக்கத்தில் வைத்தால் ஒட்டு விட்டு வாய் பிளந்துகொள்ளும். பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து வையுங்கள், படுக்கப்போகும் முன் ஒருமுறை தாளை மாற்றுங்கள். காலையில் மாட்டிக்கொண்டு கிளம்பும் அளவுக்குக் காய்ந்திருக்கும்.